மினிமைஸ் செய்தால் அடிக்காத மணி

கோபம் வந்தால் அக்கா சாப்பிட மாட்டாள். ஒரு மேனுவலின் புண்ணியத்தில் பாதி நாள் பட்டினிதான். கம்ப்யூட்டர் திரையில் பொத்தான், ஜன்னல் எல்லாம் அமைக்க அவள் பயன்படுத்துகிற டூல்கிட்டின் மேனுவல் அது. எழுதிய மகராசன், ‘டைமர்: டைமரை இயக்கும்’ என்று எழுதிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அடுப்பு எரியும் என்று சொல்ல ஒரு புத்தகமா?

அந்த டைமரை நம்பித்தான் அக்கா ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு திரை செய்து கொடுத்திருந்தாள். யாராவது கூப்பிட்டார்களா என்று நொடிக்கொரு தரம் பார்ப்பது அந்த டைமர்தான். நோயாளி கட்டிலருகே பொத்தானை அழுத்தினால், நர்ஸ் மேசைக் கம்ப்யூட்டரில் கட்டில் எண் சிவந்து மணி அடிக்கும்.

ஒருநாள் ஆபீஸில் அந்த ஜன்னலை மினிமைஸ் செய்துவிட்டு மெயில் பார்த்துக்கொண்டே, சோதனைக்கு மேசைமேல் வைத்திருந்த பொத்தானை அழுத்தினாள். மணி அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊஹூம். ஜன்னல் மறைந்தால் டைமரும் நின்றுபோகும் என்று மேனுவலில் ஒரு வரி இல்லை. இவளும் சோதித்தபோதெல்லாம் ஜன்னலைக் கண்முன் விரித்து வைத்தே சோதித்திருக்கிறாள். தான் செய்ததை மறைத்து வைத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

திருத்துவது சுலபம். முதலாளிதான் முட்டுக்கட்டை.

“‘சிறு திருத்தங்கள்’னு போட்டு அனுப்பும்மா. ஆஸ்பத்திரிக்காரங்க நேரம் கிடைக்கும்போது மாத்திக்கட்டும்.”

“அதுவரைக்கும் மணி அடிக்காதே சார்!”

“அதுக்காக நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?”

வீட்டில் என்னிடம் சொன்னாள். “வேலை போயிடும்க்கா,” என்றேன்.

“அந்த மேனுவல்காரனை நான் திட்டாத நாளில்ல. நானும் அவனாட்டம் எழுதணுமாடி?” என்று அழுதாள்.

மறுநாள் எல்லா ஆஸ்பத்திரிக்கும் மெயில் போனது: ‘ஜன்னலை மினிமைஸ் செய்தால் மணி அடிக்காது. தவறு என்னுடையது. திருத்தியதை இணைத்திருக்கிறேன், இன்றே மாற்றிவிடுங்கள்.’ சாயங்காலமே முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன். ஒரு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். திட்டு விழும் என்று நினைத்து அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். திட்டவில்லை.

“போன மாசம் எங்க வார்டுல ஒரு பெரியவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராம உயிரை விட்டுட்டாரும்மா. மணி அடிக்கவே இல்லன்னு டியூட்டில இருந்த பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. தூங்கிட்டுப் பொய் சொல்றான்னு வேலையை விட்டே நிறுத்திட்டோம்.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பொண்ணோட நம்பர் குடுங்க மேடம்,” என்றாள்.