மாலைக்குப் பின்னால் ஆயில் கூலர்

ஃபேரர் பார்க் பக்கம் பட்டறை வைத்திருந்த அந்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டதில்லை. கழுத்தில் சிறிய சிலுவை தொங்கும். கை நிறைய கிரீஸ் இருக்கும். அந்தக் கையாலேயே ரொட்டி தின்பார், காப்பி குடிப்பார்.

சரக்கோடு புக்கிட் பாஞ்சாங் மேட்டில் ஏறினால் தானாகக் கியர் மாறும் என் பிக்கப் வண்டியில் கியர் எண்ணெய் கொதித்துவிடும். அதற்காக ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஓர் ஆயில் கூலரைப் பொருத்திக் கொடுத்தார். ஒரு மாதம் தொல்லையில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் மறுபடியும் கருகல் வாடை வந்தது. கியர் பெட்டி போனால் என் பிழைப்பும் போய்விடும். நேராக அவரிடம் ஓட்டிப்போனேன்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டியின் முன்பக்கத்தை மூடிக்கிடந்த சாமந்தி மாலையைப் பார்த்தார்.

"கூலருக்குக் காத்து வர்ற வழிய அடச்சிட்டீங்க லா."

"பூஜை மாலைண்ணே. மூணு நாளைக்குக் கழட்டக்கூடாதுன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க."

"கழட்ட வேணாம். மேல மாத்திக் கட்டிடுவோம்."

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவித் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் மாலையைத் தொட்டார்.

இரண்டு வருஷம் அவரிடம் போய்வந்தேன். அவர் விரல்களின் நிறத்தைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.