பரங்கிக்காய் எந்த ஊருக் காய்?

காய்கறிக் கடையில எடை போடுறது சின்ன வேலை, வர்றவங்களுக்குப் பதில் சொல்றதுதான் பெரிய வேலை; கடை வச்சிருக்கிறவங்க யாரா இருந்தாலும் இதுக்குத் தலையாட்டுவீங்க. என் கடை அரியலூர் மார்க்கெட்டுல.

பெங்களூர் கத்தரிக்காய்

சௌசௌவை நாங்க பெங்களூர் கத்தரிக்காய்னும் சொல்லுவோம். வூட்டுக்காரரு சிமெண்ட் ஆலை வேலைக்கு வந்ததால பெங்களூருல இருந்து இங்க குடிவந்த ஒரு அம்மா, அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. “உங்க ஊரு காய்தாம்மா”ன்னு பெருமையாச் சொன்னேன். சிரிச்சுட்டுச் சொன்னாங்க: “எங்க ஊருல இதுக்கு சீமைக் கத்தரிக்காய்னு பேரு. சீமையில போயிக் கேட்டா எந்த ஊரைச் சொல்லுவாங்களோ!”

அமாவாசைக்கு ஆகாத காய்

அமாவாசைக்கு மொத நாள் கோசு, கேரட்டு பக்கம் ஈ காக்கா வராது. செத்தவங்களுக்குப் படைக்க நாட்டுக்காய்தான் வேணும், சீமைக்காய் ஆகாதுன்னு ஒரு வழக்கம். வாழைக்காய், அவரை, கொத்தவரை, பரங்கி இதையெல்லாம் கேட்டு வாங்குவாங்க. செந்துறையில இருந்து வாடிக்கையா வர்ற பொண்ணு ஒருத்தி, குமிஞ்சு கெடந்த கோசைப் பார்த்துச் சொல்லிச்சு: “எங்க மாமனாருக்குக் கோசுப் பொரியல்னா உசுரு. செத்த பொறவு அதை அவரு கண்ணுல காட்டக் கூடாதுன்னு எங்க அத்தை சொல்லிட்டாங்க.”

ஒரு கீத்து

போன ஆடி அமாவாசைக்கு மொத நாள், ராமசாமி அண்ணன் மருமகளைக் கூட்டிகிட்டு வந்தாரு. சம்சாரம் தவறின பிறகு வர்ற மொதப் படையல். அந்தம்மாவுக்குப் பரங்கிக்காய்க் கூட்டுன்னா அம்புட்டுப் பிரியம், நல்லதா ஒரு கீத்து போடுன்னாரு. நான் அறுத்துகிட்டு இருக்கேன், பக்கத்துல நின்ன வாத்தியார் சார், “பரங்கின்னா வெள்ளைக்காரன். கப்பல்ல வந்தவன் கொண்டாந்த காய், அதான் அந்தப் பேரு”ன்னுட்டாரு. எனக்கும் அது புதுசு.

மருமக நீட்டின கையை இழுத்துகிச்சு. “வேணாம் மாமா. அத்தைக்கு மொதப் படையல், குத்தமாயிரும்.” அண்ணன் கீத்தை அவரே எடுத்துப் பையில போட்டுகிட்டுச் சொன்னாரு: “உங்க அத்தையும் பாடாலூருல இருந்து வந்தவதாம்மா. வந்த பொறவு எங்க வூட்டு ஆளாத்தானே இருந்தா?”

வாத்தியார் சொன்னது சரியாத்தான் இருக்கும், ஆனா அன்னைக்குத் தன் வூட்டுப் படையலுக்கு அவரும் ஒரு கீத்து வாங்கிட்டுத்தான் போனாரு.