வலது ஓரத்து டூல் பெட்டி

சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்த பிறகும் வத்சலா உடனே எழுந்துவிட மாட்டாள். கீபோர்டில் டாப் பொத்தானை ஒரு தட்டு தட்டுவாள். போட்டோஷாப்பின் டூல் பெட்டியும் பலகைகளும் மறைந்து, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் முகம் மட்டும் திரையில் மிஞ்சும். திரும்பி வந்ததும் நாற்காலியின் உயரத்தைச் சோதிப்பாள், மவுஸ் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். "அடுத்தவா சீட்டுல ஒக்காந்து பார்க்கறதுக்குன்னே சில பேர் வேலைக்கு வரா" என்பாள், பெயர் சொல்லாமல், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டின் பின்வரிசையில், மாடியில் இருக்கிறது ஸ்டுடியோ. ஜாதகத்தோடு அனுப்பும் படத்துக்கு பக்கத்து மோதி பாக்கிலிருந்தும் தேடி வருவார்கள். பருவை எடுத்தது தெரியாமல் பருவை எடுக்க வத்சலாதான் வேண்டும்.

மற்றவர்களுக்கெல்லாம் டூல் பெட்டி இடது ஓரத்தில் இருக்கும். அவளுக்கு மட்டும் பெட்டி, பிரஷ், லேயர் எல்லாமே வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக. படத்தையும் அந்தப் பக்கமே தள்ளி வைத்திருப்பாள். இடப்பக்கம் வெறும் சாம்பல் நிறம். "ஆதா ஸ்க்ரீன் காலீ க்யூன், வத்சலா ஜி?" என்று, பாதித் திரை ஏன் காலி என்பதை முதலாளி மல்ஹோத்ரா கேட்டால், "ஆதத், சாப்" என்று பழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவாள். படத்தைச் சரிபார்க்கும்போது தலையைக் கோழி மாதிரி ஒருக்களித்துத் திருப்புவாள். பார்க்கிறவர்கள் அதைத் தொழில் மிடுக்கு என்று நினைத்தார்கள்.

மிடுக்கு இல்லை, பயம். இரண்டு கண்ணிலுமே இடப்பக்கத்துப் பார்வை புகையாகக் கரைந்துகொண்டிருந்தது. நரம்புக் கோளாறு, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவர் ராமமூர்த்தியிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. கை நடுங்குகிறது என்று தெரிந்த வாரமே, கூட வேலை பார்த்த கலியமூர்த்தியை மல்ஹோத்ரா கணக்குத் தீர்த்து அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். திரையின் அமைப்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்றுதான் யாரையும் அருகில் விடுவதில்லை.

போன மாதம் ஸ்வப்னா வேலைக்குச் சேர்ந்தாள். டெல்லியிலேயே பிறந்த பெண். தமிழில் பேசத் தொடங்கி இந்தியில் முடிப்பாள். வத்சலாவுக்கு முதல் நாளே சந்தேகம். "இவ்ளோ சிரிக்கறவ எதுக்கோ வந்திருக்கா."

செவ்வாய்க்கிழமை வத்சலா சாப்பிடப் போயிருந்தபோது அவசரமாக ஒரு பாஸ்போர்ட் படம் வந்திருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்கு வலது ஓரத்தில் டூல் பெட்டி இல்லை. டாப் தட்டினாள். பலகைகள் மறைந்தன, வந்தன. பெட்டியை மட்டும் காணோம்.

"யாருடி என் பெட்டியை எடுத்தது?"

"நான்தான் மாமி, ஸாரி. அந்தப் பக்கம் நகர்த்தினேன். சாப் ஜல்தி ஜல்தின்னு கத்தினார்."

"எங்கே நகர்த்தினே?"

"இதோ இருக்கே. சாம்னேதான் இருக்கு."

வத்சலா தலையை மெதுவாகத் திருப்பினாள். அதுவரை புகையாக இருந்த இடத்தில் பெட்டி இருந்தது. அதை இழுத்து வலது ஓரத்தில் வைக்கும்வரை ஸ்வப்னா அவள் தலை திரும்பிய விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் மல்ஹோத்ராவின் அறைக்குள் ஸ்வப்னாவின் சிரிப்புக் கேட்டது. சொல்லிவிட்டாள், என்று வத்சலா தீர்மானித்தாள். அன்று ராத்திரி சப்பாத்தி தீய்ந்தது. "என்னடி ஆச்சு?" என்ற ராமமூர்த்திக்கு, "அடுப்பு சரியில்லே" என்றாள்.

மறுநாள் காலை மல்ஹோத்ரா எப்போதும்போலத் தலையாட்டிவிட்டுப் போனார். அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு படத்தோடு ஸ்வப்னா வந்தாள். அவள் மேஜை வத்சலாவுக்கு இடப்பக்கம். இத்தனை நாளும் அங்கிருந்தபடியே எட்டிப் பார்த்துத்தான் கேட்பாள். இன்று நாற்காலியின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் நின்றாள்.

"மாமி, இந்த மூக்குத்தி க்ளேரை எப்படி எடுக்கறது?"

இந்தப் பக்கம் இவளுக்கு என்ன வேலை என்று வத்சலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வலப்பக்கத்து ஸ்டூலில் இருந்த தன் கைப்பையை எடுத்து, ஜிப்பை இழுத்து மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.