மாமனார் காலத்திலிருந்து

1. மெஷினில் இல்லாத எழுத்து

தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாகப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாட்சி பேசுவது வேறு, தாளில் ஏறுவது வேறு. சாட்சி, "எங்க வூட்டு மாட்ட அந்தாளு அவுத்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டாருங்க" என்று மூக்கைச் சிந்துவார். விசாரிக்கும் ஆபீசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மேற்படி நபர் எனது மாட்டை ஓட்டிச் சென்றார்" என்று சொல்லுவார். நான் அதைத்தான் அடிப்பேன். ஒரிஜினல் ஒன்று, கார்பன் காப்பி இரண்டு. அழுகைக்கு அந்த மெஷினில் எழுத்து கிடையாது.

சர்வீஸ் முழுக்க இப்படி எத்தனையோ டெபொசிஷன், அதாவது சாட்சி வாக்குமூலம், அடித்திருக்கிறேன். எல்லாம் மறந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அதைப் பற்றி வேலையில் இருந்தவரை யாரிடமும் பேசியதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்புதான். இப்போதும் அந்தச் சலிப்பு போய்விடவில்லை.

கீழ்வேளூருக்குக் கிழக்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். கூலித் தகராறும் கொடிச் சண்டையுமாக, அறுப்புக்கு அறுப்பு போலீஸ் வேன் வந்து நிற்கும் காலம் அது. ஆட்சியில் இருந்தவர்கள் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வாழும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை அவருக்கே சொந்தம் என்றது சட்டம். சட்டம் வருவதற்கு முன்பே அங்கே குடியிருந்ததாக நிரூபித்தால் போதும். கேட்பதற்கு நன்றாக இருந்தது. ஆனால் நிரூபிக்க வேண்டியது குடிசைக்காரர்.

அந்த ஊர் வாய்க்காலின் மேல்கரையில் பதினோரு குடிசைகள். எல்லாரும் பண்ணையாட்கள், எல்லாரும் வேதக்காரர்கள். அதாவது கிறிஸ்தவர்கள். "சட்டம் வந்த பிறகு ராத்திரியோடு ராத்திரியாக என் நிலத்தில் கொட்டகை போட்டுக்கொண்டவர்கள் இவர்கள்" என்று பண்ணையார் எதிர்மனு போட்டிருந்தார். பட்டா, அடங்கல், தீர்வை ரசீது எல்லாவற்றிலும் அவர் பெயர்தான். கோயில் ஞானஸ்நானப் பதிவில் இவர்கள் பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தன. எந்த மனை என்று இல்லை. இவர்கள் கையில் மிச்சம் இருந்தது வாய் மட்டும்தான்.

2. காப்பியும் கப்சாவும்

இந்த வழக்கு விசாரணைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மாசி மாதத்தில், பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு விவாத மேடை நடந்தது. தலைப்பு, "இயேசு இருந்தாரா? சரித்திரம் என்ன சொல்கிறது?" இல்லை என்று பேசியவர் சைக்கிள் கடை அறிவழகன். பகுத்தறிவுக்காரர், கறுப்புச் சட்டை, கணீரென்ற குரல். உண்டு என்று பேசியவர் சவரிமுத்து உபதேசியார். பங்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் பூசைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும் ஞானோபதேசம் கற்றுக்கொடுப்பதும் உபதேசியார் வேலை. தலைமை, ஊர் வக்கீல். நல்ல படிப்பாளி, நல்ல சிரிப்பு.

வக்கீல் என்னைப் பார்த்துவிட்டு மேடையிலிருந்தே கேட்டார். "வாங்க பாய். உங்களுக்கும் ஈசா நபி உண்டே, நீங்க எந்தப் பக்கம்?"

"நான் கவர்மெண்ட் சர்வண்ட் சார், எந்தப் பக்கமும் சாயக்கூடாது" என்றேன். கூட்டம் சிரித்தது.

அறிவழகன் வெளுத்து வாங்கினார். "ரோமாபுரிக்காரன் வரிக்கணக்கு எழுதுனான், சண்டைக்கணக்கு எழுதுனான். இவரு உசிரோட இருந்தப்ப இவரப் பத்தி எவனாவது ஒரு வரி எழுதுனானா? ஒண்ணு ரெண்டு பேரு எழுதுனதும் பின்னால வந்தவங்க, காதுல கேட்டத எழுதுனவங்க. சரி, நாலு சுவிசேஷம் இருக்குன்றீங்க. அதுல மூணு பல இடத்துல வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்கு. மத்த இடத்துல ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஒட்டல. ஒண்ணா இருந்தா காப்பி, வேறயா இருந்தா கப்சா!"

கைதட்டல் அடங்க நேரமானது. சவரிமுத்து எழுந்தார். அவருக்கு மேடைக் குரல் கிடையாது.

"தம்பி, ராசா கணக்குல வலை போடுறவன் பேரு வருமா? தச்சன் பேரு வருமா? இந்த ஊரு பண்ணைக் கணக்குல எங்க பேரு எங்கயாச்சும் இருக்கா? அதுக்காவ நாங்க இல்லன்னு ஆயிடுமா? பாத்தவங்க சொன்னாங்க. கேட்டவங்க சொன்னாங்க. முன்ன பின்னத்தான் இருக்கும். ஒரு சாவு வூட்டுக்குப் போன நாலு பேரு நாலு விதமாத்தான் வந்து சொல்லுவாங்க. நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் தம்பி சந்தேகப்படணும்."

இதற்கும் கைதட்டல். "இரு தரப்பும் சிந்திக்கத்தக்கவை" என்று வக்கீல் முடித்துவைத்தார். எனக்கு உபதேசியார் பேச்சுதான் பிடித்திருந்தது, ஆனால் அறிவழகன் கேட்டதற்கு முழுப் பதில் வந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்ததும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மேல்கரைக் குடிசைகளுக்கு மனு எழுதிக் கொடுத்தது அறிவழகன்தான். சாட்சிகளைத் திரட்டியது சவரிமுத்து. கடவுள் விஷயத்தில் எதிரெதிர், மனை விஷயத்தில் ஒரே கட்சி.

3. ஞானோபதேசம்

பங்குனியில் ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன். ஆபீசருடன் ஜீப்பில் நானும் போனேன். எங்களை அழைத்துப் போய்க் குடிசைகளைக் காட்டியவர் அந்தோணியம்மாள். புருஷன் இல்லை, கைக்கு அடக்கமான ஒரு குடிசை, வாசலில் கட்டிய ஆடு. ஆபீசர் அந்தக் குடிசைச் சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"சுவர் புதுசா இருக்கே?"

"ஐப்பசி கார்த்தியல வாய்க்கா ஒடைச்சுக்கிட்டு வந்து கரைச்சிடுங்க. தை பொறந்தா புது மண்ணு வச்சாவணும். கீத்தும் அப்படித்தான். வருஷா வருஷம் புது வூடுதாங்க எங்களுக்கு."

சொன்னது உண்மை. இந்தப் பக்கத்தில் எந்தப் பண்ணையாள் வீடும் ஒரு வருஷத்துக்கு மேல் வயதானது இல்லை. ஆனால் "சுவர் புதிது" என்பது மட்டும்தான் குறிப்பில் ஏறியது.

திரும்பும்போது வேதக் கோயிலுக்குள்ளிருந்து பாராயணம் போல ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். மேல்கரை ஆண்களும் பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ எங்கே குடியிருக்கிறாய்?"

"வாய்க்கால் மேல்கரையில் குடியிருக்கிறேன்."

"எப்போதிலிருந்து குடியிருக்கிறாய்?"

"என் மாமனார் காலத்திலிருந்து குடியிருக்கிறேன்."

எழுத்து தெரியாத சனம். ஆனாலும் விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் இப்படித்தான் இம்மி பிசகாமல் கற்றிருந்தார்கள். ஆயர், அதாவது பிஷப், வந்து கேள்வி கேட்டபோது ஒருவர்கூடத் தடுமாறவில்லை என்று உபதேசியாருக்கு ஏகப் பெருமை. ஆயருக்குத் தயார் செய்த மாதிரியே ஆபீசருக்கும் தயார் செய்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாசற்படியில் கால் வைத்தேன். ஆபீசர் ஜீப்பில் ஹாரன் அடிக்கச் சொன்னார், போய்விட்டேன்.

4. விசாரணை

வைகாசியில் விசாரணை. பண்ணையார் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வக்கீல், நம் விவாத மேடைத் தலைவர்.

முதல் சாட்சி நின்றார். "வாய்க்கால் மேல்கரையில் குடியிருக்கிறேன். என் மாமனார் காலத்திலிருந்து குடியிருக்கிறேன்." இரண்டாவது சாட்சியும் அதே. மூன்றாவதும் அதே. ராகம்கூட மாறவில்லை. வழக்கமாக ஆபீசர்தான் சாட்சியின் பேச்சை ஆபீஸ் பாஷைக்கு மாற்றுவார். அன்று மாற்ற வேண்டியதே இல்லை, அப்படியே அடித்தேன்.

நாலாவதாக வந்தவன் தொம்மை. மீசை அப்போதுதான் கறுத்திருந்த வாலிபன். அவனும் அதையே சொன்னான். வக்கீல் மெல்ல எழுந்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"அப்ப உனக்கு மாமனார் யாரு?"

தொம்மை திரும்பி உபதேசியாரைப் பார்த்தான். அறை முழுக்கச் சிரிப்பு. ஆபீசரும் சிரித்துவிட்டார். சவரிமுத்துவின் முகத்தை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

கடைசியாக அந்தோணியம்மாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மிரண்டிருந்தார். கற்றுக்கொடுத்ததை விட்டுவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்றங்க. மாமனாரு இருந்தப்ப நாங்க கீழ்கரையிலதான் இருந்தோம். பண்ணையாரய்யாவுக்கு வாய்க்கா அகலமா வெட்டணும்னு எங்கள இந்தக் கரைக்கு ஏறச் சொன்னாரு. ஏறிட்டோம். எம் மூணு புள்ளையும் இங்கதான் பொறந்துச்சு. ஒண்ணு இங்கதான் செத்துச்சு. மூத்தவளக் கட்டிக்குடுத்து அவளுக்கும் புள்ள இருக்குங்க. இதுக்கு மேல எனக்கு என்ன சொல்லத் தெரியும்?"

அவர் சொன்னதே போதும். சட்டம் வந்ததற்கு எவ்வளவோ முன்னால் அந்த அம்மாள் அங்கே இருந்திருக்கிறார். ஆனால் வக்கீல் துள்ளி எழுந்தார்.

"நாலு சாட்சி மாமனார் காலத்திலேர்ந்து மேல்கரைங்கறாங்க. இந்தம்மா மாமனார் காலத்துல கீழ்கரைங்கறாங்க. எது உண்மை? மனு எழுதிக் கொடுத்த நண்பர் அறிவழகன் இங்கதான் இருக்கார். நான் தலைமை தாங்குன கூட்டத்துல அவரே அழகா சொன்னார். ஒண்ணா இருந்தா காப்பி, வேறயா இருந்தா கப்சா. என் வாதமும் அதுதான் சார், வேற ஒண்ணும் இல்ல."

ஆர்டரை ஆபீசர் மறுவாரம் டிக்டேட் செய்தார். சாட்சிகள் ஒரே வாசகத்தைக் கூறுவதால் பயிற்றுவிக்கப்பட்டவர்கள்; கடைசிச் சாட்சி மற்றவர்களுக்கு முரண்படுவதால் நம்பத்தகாதவர்; சுவர்கள் புதியவை; மனு தள்ளுபடி. அடித்தேன். ஒரிஜினல் ஒன்று, கார்பன் காப்பி இரண்டு.

அன்று ஆபீஸ் வாசல் டீக்கடையில் அந்த இருவரையும் பார்த்தேன். அறிவழகன் டீயைத் தொடவே இல்லை.

"மேடையில நீங்களே சொன்னீங்களே உபதேசியாரே, ஒரே மாதிரி சொன்னா சந்தேகப்படணும்னு. அப்புறம் ஏன்?"

"பண்ணையாரு செருப்புச் சத்தம் கேட்டாலே இவங்களுக்கு நாக்கு ஒட்டிக்கும் தம்பி. வாயில வார்த்தை இருந்தா நிப்பாங்கன்னு நெனச்சேன். ஆயரு, இவங்க சரியா சொல்லணும்னு ஆசைப்பட்டுக் கேட்டாரு. இங்க தப்பா சொல்லணும்னு கேக்குறாங்க. அது எனக்கு ஒறைக்கல." தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீ மேடையில கேட்ட கேள்வியும் தப்பில்ல தம்பி. கேக்க வேண்டியதுதான். ஆனா அந்தக் காலத்துல இயேசுவப் பாத்தவங்களையும் இப்படி நிக்க வச்சுத்தான் கேட்டிருப்பாங்க" என்றார்.

அறிவழகன் எழுந்து இரண்டு டீக்கும் காசு கொடுத்தார். கடவுள் இல்லை என்று அதற்குப் பிறகும் மேடைகளில் பேசினார். ஆனால் அந்தக் காப்பி, கப்சா வரி அவர் வாயில் மறுபடி வந்து நான் கேட்டதில்லை. மேல் கோர்ட்டுக்குப் போக வழி தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பீல் கெடு முடிந்தது. குடிசைகளைப் பிரித்தார்கள். மனைகளை ஏர் ஓட்டிப் பக்கத்து வயலோடு சமன் செய்து, ஆற்றில் தண்ணீர் வந்ததும் குறுவை நட்டார்கள்.

5. கரும்பச்சை

ஆடி மாதக் கடைசியில் வேறு ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு அந்த வழியாகப் போனோம். ஆபீசர் திடீரென்று ஜீப்பை நிறுத்தச் சொன்னார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர், பயிரைக் கண்டால் கண் நிற்கும்.

"அங்க பாருங்க பாய். வயல் பூரா இளம்பச்சை. நடுவுல மட்டும் திட்டுத் திட்டா கரும்பச்சை. அங்க மட்டும் என்ன உரம் போட்டிருப்பான்?"

எண்ணிப் பார்த்தேன். பதினோரு திட்டு.

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நிமிர்ந்தார். அந்தோணியம்மாள். தன் மனையிலேயே கூலிக்குக் களை பறித்துக்கொண்டிருந்தார். ஆபீசரை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"உரம் இல்லீங்க. அடுப்புச் சாம்பலு, ஆட்டுப் புழுக்க, புள்ளைங்க பேண்டது மோண்டது, எல்லாம் வருஷக்கணக்கா எறங்குன மண்ணு. குடியிருந்த மண்ணுல பயிரு இப்படித்தாங்க வரும். இந்தா, நான் நிக்கிறது எங்க அடுப்பங்கரை."

ஆபீசர் அந்தத் திட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. நேற்று போட்ட கொட்டகை மண்ணில் அந்தப் பச்சை வராது. இந்த டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மண்ணின் மேலேயே நின்றுகொண்டு நாங்கள் சுவரைச் சுரண்டிப் பார்த்திருக்கிறோம்.

"போலாம்" என்றார் டிரைவரிடம்.

 ஆபீசுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, அந்த ஃபைல் எங்கே என்று கேட்டார். ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டது என்றேன். "சரி" என்றார். கெடு முடிந்த ஆர்டரை மாற்ற அவருக்கும் அதிகாரம் கிடையாது.

இதில் புதியவர்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் போனால் சுவரைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள் என்று சொல்லலாம். சாட்சி சொல்வதை அவர் வார்த்தையிலேயே அடியுங்கள் என்று சொல்லலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சாட்சியாக அந்தப் பயிர் கண்ணெதிரே நின்றபோதும் எங்களால் ஒரு வரியை மாற்ற முடியவில்லை. அந்த வருஷம் அந்தத் திட்டுகளில்தான் கதிர் நன்றாகப் பிடித்தது. அறுத்து, பண்ணையார் களத்தில் அடித்துக் கொட்டினார்கள். அறுத்தவர்களில் அந்தோணியம்மாளும் ஒருவர்.