நிறுவைத் துணியில் தைத்த ஈயம்

யசோதினியை ஊரில் யாரும் யசோதினி என்று கூப்பிட்டதில்லை. கட்டை யசோ என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் வரிசைக்கு முதல் ஆள் அவள், ஓ.எல். பரீட்சை எழுதிய வருடத்திலும் முதல் ஆள் அவளேதான். செங்கலடி பஸ்ஸில் ஏறினால் மேல் கம்பி கைக்கு எட்டாது, பக்கத்தில் நிற்பவளின் தோளைப் பிடித்துக்கொண்டு போவாள். யோகராசா பெண் பார்க்க வந்த அன்று அவனுடைய மாமி ஒருத்தி, "புள்ள இருந்துகொண்டா இரிக்கி, நிண்டுகொண்டா இரிக்கி?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. மறக்கிற சிரிப்பா அது?

அதனால், மூத்தவனுக்குப் பிறகு மகள் விதுர்ஷா வயிற்றில் இருந்தபோது அவள் அம்மனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நிறம் வேண்டாம், மூக்கும் முழியும் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளை நெடுநெடுவென்று வளர வேண்டும். அவ்வளவுதான். அம்மன் அதைக் கேட்டாளோ இல்லையோ, பிள்ளை பிறக்கும்போது நல்ல பிள்ளையாகத்தான் பிறந்தது. ஏழு மாதம் தாய்ப்பாலில் மொழுமொழுவென்று இருந்தது.

எட்டாம் மாதம் யசோதினி நண்டு வாடிக்கு வேலைக்குப் போனாள். யோகராசாவின் தோணி கொண்டுவருவதை நம்பி உலை வைக்க முடியாத காலம். வாவிக்கரையில் இருந்த அந்த வாடியில் நண்டைத் தரம் பிரித்து, கால் கட்டி, கூடையில் அடுக்கி, நிறுத்து லொறியில் ஏற்ற வேண்டும். லொறி கொழும்புக்குப் போகும். விடிய ஆறு மணிக்குப் போனால் பகல் இரண்டு தாண்டித்தான் வீடு. அதுவரை பிள்ளை பக்கத்து வீட்டு அன்னப்பூரணியிடம். அன்னப்பூரணி நல்ல மனுசி, குறை சொல்லக் கூடாது. அழுதால் தேத்தண்ணியில் விசுக்கோத்து நனைத்துக் கொடுப்பாள். பிள்ளையும் வயிறு நிறைந்த மாதிரி உறங்கிவிடும்.

மீன்? வீட்டில் மீன் இல்லாத நாளே இல்லை. விலைப்படாத பொடி மீன் சட்டியில் கிடந்து கொதிக்கும். ஆனால் இரண்டு வயதுக்குள் பிள்ளைக்கு மீன் கொடுத்தால் கரப்பன் பிடிக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லும், நண்டு சூடு என்றும் சொல்லும். ஆகவே விதுர்ஷாவுக்குச் சோறும் தண்ணிச் சொதியும். வாவி வாசலில் கிடக்கிறது, பிள்ளையின் கோப்பையில் வெறும் சோறு. இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழ!

மாதம் ஒரு தரம் முன்பள்ளிக் கட்டிடத்தில் நிறை பார்ப்பார்கள். கூரை வளையில் தொங்கு தராசு ஒன்றைக் கட்டி, பிள்ளையைத் துணித் தொட்டில் போன்ற ஒன்றில் இருத்தி, கொக்கியில் மாட்டிவிடுவது வழக்கம். முந்தி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே துணிதான். கொரோனா வந்த பிறகு அவரவர் பிள்ளைக்கு அவரவரே நிறுவைத் துணி தைத்துக் கொண்டுவர வேண்டும் என்றாகிவிட்டது. மருத்துவமாது அகீலா ஏறாவூர்க்காரி. ஊரில் எல்லோருக்கும் அவள் 'மிஸ்'. நிறையை உரத்துச் சொல்லி, துணிக்கு நூறு கிராம் கழித்து, அட்டையில் புள்ளி வைப்பாள். புள்ளி பச்சையில் விழுந்தால் சிரிப்பு. நிறை குறைந்து செம்மஞ்சளில் விழுந்தால் வரிசையில் நிற்கிற பெண்களெல்லாம் எட்டிப் பார்ப்பார்கள்.

பதின்மூன்றாம் மாதம் வயிற்றோட்டம் வந்து எழும்பிய விதுர்ஷாவுக்குப் புள்ளி செம்மஞ்சளில் விழுந்தது.

"இந்தா, சத்துமா ரெண்டு பைக்கற்று. புள்ளைக்கு மட்டும் குடு, வீடு முழுக்கத் திண்டு தீக்காத," என்றாள் அகீலா. "அடுத்த மாசமும் ஏறல்லெண்டா கடிதம் தருவன். பெரியாஸ்பத்திரி வார்ட்டில ரெண்டு கிழமை நிக்கவேணும்."

வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "கட்டைக்குக் கட்டைதானகா பொறக்கும்."

யார் சொன்னது என்று யசோதினி திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

சத்துமா ஒரு வாரத்துக்குக்கூடப் போதவில்லை. பள்ளிக்கூடம் போகிற மூத்தவன் பசிக்குது என்று நின்றால் தாய் மனம் எப்படி இல்லை என்று சொல்லும்? உருட்டி உருட்டி அவனுக்கும் கொடுத்தாள். அடுத்த நிறுவைக்கு முதல்நாள் பிள்ளையை வாடிக்குத் தூக்கிப் போய், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, நண்டுக் கூடையில் இருத்தித் தராசில் வைத்தாள். கூடையைக் கழித்தால் ஏழு கிலோவும் நூறும். அப்படியென்றால் கடிதம் நிச்சயம். இரண்டு வாரம் வார்ட்டில் நின்றால் வாடியில் அவளுடைய இடத்துக்கு அடுத்த நாளே வேறொருத்தி வந்துவிடுவாள். மூத்தவனுக்குச் சோறு யார் கொடுப்பது? அதை எல்லாம்விட, அந்த வரிசை முன்னால் கடிதத்தை வாங்கிக்கொண்டு எப்படி நடந்து போவது?

வீட்டு மூலையில் யோகராசாவின் பழைய வீச்சுவலை தொங்கியது. அதன் விளிம்பில் ஈயக் குண்டுகள். பட்டப்பகலில், வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையில், இருபது ஈயத்தைக் கழற்றினாள். நிறுவைத் துணியின் தையலைப் பிரித்து, இரட்டை மடிப்புக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துத் தைத்தாள். ஒரு தரம்தான், ஒரேயொரு தரம். அடுத்த மாதம் பிள்ளை உண்மையாகவே ஏறிவிடும், கழற்றி எறிந்துவிடலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

"ஏழரை!" என்றாள் அகீலா. "பாத்தியா? நல்லா ஏறியிரிக்கி. இனி உனக்கு மா தேவல்ல, இல்லாத புள்ளைக்குக் குடுப்பம்."

புள்ளி பச்சையில் விழுந்தது. யசோதினி சிரித்தாள். பாவி, மா நின்றதற்கும் சேர்த்தல்லவா சிரித்தாள்!

அதற்குப் பிறகு புலிவாலைப் பிடித்த கதை. அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஈயத்தை எடுத்தால் கோடு தலைகுப்புற விழும், விழுந்தால் மிஸ் வீட்டுக்கே வந்துவிடுவாள். ஒவ்வொரு மாதமும் முதல்நாள் வாடித் தராசு, பிறகு ஊசியும் நூலும். பதினேழாம் மாதம் காய்ச்சல் வந்து பிள்ளை உருகிப் போனபோது நாற்பத்தைந்து ஈயம் ஆனது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. யோகராசா வலையைப் பார்த்துவிட்டு, "எந்த நாசமறுவான்டா என்ட ஈயத்தில கைவெக்கிறவன்?" என்று வாவிக்கரை முழுக்கக் கத்தித் திரிந்தான். பக்கத்துத் தோணிக்காரனோடு ஒரு மாதம் பேச்சு வார்த்தையே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தவள் எதைச் சொல்வாள்?

இருபதாம் மாதம் அகீலா புதிதாக ஒரு பலகை கொண்டுவந்தாள். பிள்ளையை அதில் படுக்க வைத்து, தலையை ஒரு பக்கம் முட்டவிட்டு, காலடியில் கட்டையைத் தள்ளி உயரம் பார்க்கிற பலகை. நிறை பார்த்தாயிற்று, எட்டரை கிலோ, பச்சை. உயரத்துக்காக யசோதினி காத்து நின்றபோது முன்னால் இருந்த ஒருத்திக்கு அகீலா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிறை குறைஞ்சா ஏத்திப் போடலாம் புள்ள. உயரம் அப்பிடியில்ல. ரெண்டு வயசுக்குள்ள தவறின உயரம் மறுகா முழுசா வராது. மீனைக் குடு, முட்டையக் குடு. கரப்பன் கிரப்பன் எண்டு ஊர்க்கதை கேட்டுக்கொண்டிரிக்காத. முள்ளெடுத்துச் சோத்தோட பிசைஞ்சு, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குடு."

விதுர்ஷாவைப் படுக்க வைத்தார்கள். பிள்ளை வீரிட்டுக் கத்தியது. எழுபத்திரண்டு. அகீலா நம்பவில்லை. திரும்ப அளந்தாள், மூன்றாம் தரமும் அளந்தாள். எழுபத்திரண்டுதான். பதினொரு மாதப் பிள்ளையின் உயரம்.

அகீலா அட்டையைப் பார்த்தாள். பச்சையில் ஏழு புள்ளி, சீராக ஏறின கோடு. பிறகு தாயைப் பார்த்தாள். அதற்குத் தலையை நிமிர்த்த வேண்டியதே இல்லை, அவ்வளவு கட்டை.

"நிறையெல்லாம் சரியாத்தானே இரிக்கி... பரம்பரையாக்கும். தாயும் கட்டைதானே. பயப்படாத, போயிட்டு வா."

தப்பிவிட்டாள். கடிதம் இல்லை, வார்ட் இல்லை, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் படலை வரை வந்தாள். அதற்கப்பால் கால் நகரவில்லை.

பரம்பரையா? அவளுடைய தம்பி கட்டாரில் வேலை செய்கிறான். ஆறடி. நிலையில் தலை இடிக்காமல் வீட்டுக்குள் வரமாட்டான். ஒரே தாய், ஒரே தகப்பன். அவள் அகதி முகாமில் பிறந்தவள். கஞ்சித் தண்ணியும் வெறுந் தேத்தண்ணியும் தந்துதான் வளர்த்தேன் என்று அம்மா சாகும்வரை சொல்லி அழுதாள். தம்பி சமாதானக் காலத்தில் பிறந்தவன். அப்போது வீட்டு வளவில் இரண்டு பசு நின்றது. இவ்வளவு காலமும் இதை ஏன் சேர்த்து யோசிக்கவில்லை? அவளைக் கட்டையாக்கியது பசி. அம்மாவுக்காவது போர் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது. தன் பிள்ளையைக் கட்டையாக்க அவளே உட்கார்ந்து தையல் போட்டிருக்கிறாள். கடவுளே, என்ன வேலை செய்துவிட்டேன்!

திரும்பி உள்ளே போனாள். வரிசை இன்னும் இருந்தது. ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையில்லாத வெறும் துணியைக் கொக்கியில் மாட்டினாள். முள் ஒரு கிலோவில் போய் நின்றது.

"யா அல்லாஹ்!" என்றாள் அகீலா. துணியைக் கழற்றி மடிப்பை அமுக்கிப் பார்த்தாள். "இது என்ன புள்ள? என்ன செஞ்சிரிக்காய் நீ?"

"வலை ஈயம் மிஸ்."

"எப்ப இருந்து?"

"பதினாலாம் மாசத்தில இருந்து."

அகீலா அடித்துவிடுவாள் போல் இருந்தது. "அறிவிருக்கா உனக்கு? ஏழு மாசம்! ஏழு மாசம் நான் இல்லாத புள்ளைக்குப் புள்ளி வெச்சிரிக்கன்!" என்று கத்தினாள். கத்தி முடித்தவள் விதுர்ஷாவின் மேற்கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறிவிட்டது. "ஒருக்காவாவது இப்பிடிப் புடிச்சுப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள், மெல்ல. "கோட்டைப் பாத்தன், புள்ளையப் பாக்கல்ல."

பிறகு தன் பையிலிருந்த துணியில் பிள்ளையை நிறுத்தாள். ஏழு கிலோவும் அறுநூறும். அட்டையை மேசையில் விரித்துச் சிவப்புப் பேனையை எடுத்தாள்.

"சொல்லு. பதினாலாம் மாசம் எத்தின?"

"ஏழு நூறு மிஸ்."

"ஈயத்தையா சொல்றாய்?"

"புள்ளையின்ட நிறையை, ஏழு கிலோவும் நூறும். வாடித் தராசில நிறுத்துத்தான் ஈயம் வெச்சன். எல்லா மாசமும் எனக்குத் தெரியும்."

அகீலாவின் பேனை ஒரு கணம் நின்றது. தெரியும் என்ற அந்தச் சொல்லை யசோதினி தன் காதாலேயே கேட்டாள், வெட்கிப் போனாள். ஒவ்வொரு மாதமாகச் சொன்னாள். அகீலா ஒவ்வொரு பச்சைப் புள்ளியையும் வெட்டி, கீழே உண்மைப் புள்ளியை வைத்தாள். ஏழும் வைத்தபின் கோடிழுத்தாள். கொஞ்சம் ஏறி, பதினேழாம் மாதத்தில் குழிக்குள் விழுந்து, திரும்ப ஏற முடியாமல் இழுபட்ட கோடு.

"இந்த மாசம் மட்டும் வந்து சொல்லியிருந்தாலும்..." என்று குழியைத் தொட்டுக் காட்டினாள் அகீலா. "ரெண்டு வயசாக இன்னும் நாலு மாசம் இரிக்கி. நாளைக்கே வார்ட்டுக்குப் போ."

"உயரம் வருமா மிஸ்?"

"போனது எல்லாம் வரும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். இனிப் போறதைத் தடுக்கலாம். போ."

பின்னேரம் யோகராசாவிடம் சொன்னாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் குந்தியபடியே பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நண்டைப் பிச்சுக் குடுத்திருக்கலாமே யசோ," என்றான். "ஒவ்வொரு நாளும் அள்ளிக்கொண்டு வந்தனே. நானும் ஒரு நாள் குடுக்கல்லியே."

மறுநாள் வாடிக்குப் போகவில்லை. இனி அந்த இடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மூத்தவனை அன்னப்பூரணியிடம் விட்டு, முதல் பஸ்ஸில் பிள்ளையோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். வார்ட்டில் கட்டிலுக்குக் கட்டில் தாய்மார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பொடியன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டி நடந்தான். விதுர்ஷாவைவிட நாலு விரல் உயரம்.

"உன்ட மகனுக்கு எத்தின மாசம்?" என்று யசோதினி கேட்டாள்.

"பதினாலு," என்றாள் அவன் தாய்.

தாதி கடதாசியோடு வந்தாள். "பெயர் விதுர்ஷா. வயசு?"

பக்கத்துக் கட்டில்காரி விதுர்ஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு என்று சொன்னால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். பன்னிரண்டு என்றாலும் நம்புவார்கள். யசோதினியின் நாக்கில் "பதி..." என்று வந்தேவிட்டது. விழுங்கினாள்.

"இருபது மாசம்."

தாதி எழுதவில்லை. பிள்ளையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "இருபதா? சரியா யோசிச்சுச் சொல்லுங்க."

"இருபது மாசம் மிஸ்," என்று வார்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் யசோதினி. "இருபது மாசம்தான். எழுதுங்க."