எனக்காக அண்ணன் பேசிய சீனம்

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் நீங்கி, மலேசியாவின் ஈப்போவில் கடைகள் பழையபடி களைகட்டிய முதல் தீபாவளி அது. லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் புடவைக்கடையில் அன்று நிற்க இடமில்லை.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிறப்பால் நான் சீனப்பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே, சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் என்னை எடுத்து வளர்த்தது. எங்கள் பக்கம் இது பெரிய அதிசயமில்லை. வறுமையில் இருந்த சீனக் குடும்பங்கள் பெண்பிள்ளைகளை இப்படிக் கொடுத்ததுண்டு. எனக்குத் தெரிந்தது தமிழும் மலாயும்தான். சீனத்தில் ஒரு வார்த்தை வராது. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மலாயில் விலை கேட்பார்கள். "முந்தியப் பாருங்கக்கா, கைவேல" என்று நான் தொடங்கியதும் திகைத்து நிற்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பெற்றவள் என்னை வேண்டாமென்று விட்டுவிட்டாள் என்ற நினைப்பு மட்டும் பழகவே இல்லை. என் மகள் பிறந்து, அவளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதுகூட அந்த நினைப்புதான் முந்திக்கொண்டு வந்தது.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு சீனப் பெண்மணி, தோழிக்குத் துணையாக வந்தவர், புடவைகளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிட்டே வந்து, எந்தத் தோட்டத்தில் வளர்ந்தாய் என்று மலாயில் கேட்டார். நான் சொன்னதும் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வயதான சீன அம்மா ஒருவர். என் நெற்றி, என் தாடை. அவருடைய அம்மா. கைக்குழந்தையாக இருந்த தங்கையை அந்தத் தோட்டத்தில்தான் கொடுத்தார்களாம். அப்படியானால் என்னுடைய அம்மா. செம்மோர் பக்கத்தில் சீனர்கள் வாழும் கம்பத்தில், ஒரு கிராமத்தில், இருக்கிறார், வந்து பார் என்றார் அந்த அக்கா.

என்னை வளர்த்த அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். எனக்கென்று இருப்பது அவர்களுடைய மகன், என் அண்ணன்தான். சின்ன வயதிலேயே ஈப்போவில் ஒரு சீன முதலாளியின், தவ்கேயின், லோரிப் பட்டறையில் சேர்ந்து, இன்றும் அங்கேயே இருப்பவர். விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"எப்ப போலாம்?" என்றார். "தனியா போவாத. நான் வாரேன்."

போகிற ஞாயிற்றுக்கிழமை எதை உடுத்துவது என்று தெரியாமல் அலமாரியைக் கலைத்துப் போட்டேன். கடைசியில் வழக்கம்போல் ஒரு நூல் புடவை கட்டிக்கொண்டு, பூ மட்டும் வைக்காமல் கிளம்பினேன். அண்ணன் முடி வெட்டி, கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார்.

"பூ எங்க பாப்பா?"

"வேணாம்னு நெனச்சேண்ணே. அவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குமோன்னு."

"ஒரு மாதிரியா இருந்தா இருக்கட்டும் லா. நீ எந்த வீட்டுப் பொண்ணுன்னு தெரிய வேணாமா?"

வழியில் காரை நிறுத்தி மல்லிகைச்சரம் வாங்கிக் கொடுத்தார். செம்மோர் வந்ததும், "அவங்க ஒன்ன..." என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்ல, வுடு" என்று முடித்துக்கொண்டார்.

தகரக்கூரை வீடு. முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பூப்போட்ட சட்டையோடு ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து எழ முயன்றார், முடியவில்லை. நான் குனிந்ததும் என் கன்னத்தையும் காதையும் தடவினார். பொட்டில் கை படாமல் சுற்றித் தடவினார். பிறகு கான்டனீஸ் சீனத்தில் கடகடவென்று பேச ஆரம்பித்தார். ஒன்றும் புரியாமல் நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அக்கா மலாயில் சொல்வதற்குள், பின்னாலிருந்து என் அண்ணன் கான்டனீஸில் பதில் சொன்னார். பட்டறையில் கற்றது. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைத் தட்டினார். அதற்குப் பிறகு அக்கா பக்கம் திரும்பவே இல்லை. சீன முகத்தோடு நானும் பெற்ற தாயும் பேசிக்கொள்ள, நடுவில் கறுத்துப் பருத்த என் அண்ணன்.

"சின்னப் புள்ளையில ஒனக்கு என்ன குடுத்தோம்னு கேக்குறாங்க."

"கஞ்சியும் நெத்திலியும்னு சொல்லு."

"மீனும் கோழியும்னு சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.

அப்புறம் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நீளமாக ஏதோ சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அண்ணனின் முகம் மாறியது. என்னவென்று நான் இரண்டு தடவை கேட்ட பிறகே சொன்னார்.

"ஒன்னக் குடுத்து ஒரு வருசம் கழிச்சு தோட்டத்துக்கு வந்தாங்களாம் பாப்பா. சைக்கிள்லயே. மனசு கேக்கல, திருப்பி வாங்கிட்டுப் போயிறலாம்னு. நீ நம்ம அம்மா இடுப்புல இருந்தியாம். தல நெறய எண்ணெ, நெத்தியில பொட்டு. இவங்க கைய நீட்டுனதும் வீல்னு கத்திக்கிட்டு அம்மா கழுத்துல மூஞ்சிய பொதைச்சுக்கிட்டியாம். அதப் பாத்துட்டு இவங்க ஒண்ணும் கேக்கல. நம்ம அம்மா பாலில்லாத தே ஓ டீ கலக்கிக் குடுத்தாங்களாம். குடிச்சிட்டு வந்துட்டாங்களாம்."

அந்த இடத்தில் எனக்கு முன்பே அழுதது அண்ணன்தான்.

"எனக்கு நெனப்பு இருக்கு" என்றார். "ஆரஞ்சு கொண்டாந்தாங்க. பூராவும் நான்தான் தின்னேன். யாரோ காய்கறி விக்க வந்தவங்கன்னு நெனச்சேன். மறுநாள் நம்ம அம்மா வேலைக்கே போகல. ஒன்ன மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்துச்சு. காய்ச்சல்னு நெனச்சேன் பாப்பா."

இதையும் அவரே கான்டனீஸில் அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எங்கள் அம்மா கடைசிவரை அந்த நாளைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததில்லை. கேட்காமல் போனவரும், கொடுக்காமல் இருந்தவரும், இருவருமே எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

கிளம்பும்போது அம்மா என்னிடம் பேசாமல், அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். அண்ணன் என்னைக் கலக்காமலே பதில் சொன்னார். அம்மா அழுதுகொண்டே சிரித்து, அவர் முதுகில் பட்டென்று அடித்தார். அக்காவும் சிரித்தார். எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பும் வழியில் ஜெலாப்பாங் சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டேன். "கடைசியா என்னண்ணே கேட்டாங்க?"

"இனிமே இது என் பொண்ணுன்னு ஊருல சொல்லிக்கலாமான்னு கேட்டாங்க. என்கிட்ட கேக்குறாங்க, பாரேன்."

"நீ என்ன சொன்னே?"

அண்ணன் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாராளமா சொல்லிக்குங்க, ஆனா அப்படிச் சொன்னா நானும் ஒங்க மவன்தான், சீனப் புத்தாண்டுக்கு எனக்கும் அங்பாவ் வெக்கணும்னு சொன்னேன்."

அடுத்து வந்த சீனப் புத்தாண்டுக்கே எங்கள் இருவருக்கும் பணம் வைத்த சிவப்பு உறை வந்தது. நான் இப்போது கான்டனீஸில் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டிருக்கிறேன், மற்றதற்கெல்லாம் அண்ணன்தான். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று என்னைப் பற்றி நானே பாதி வாழ்க்கைக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடி ஒருத்தி வந்ததும், என்னை இழந்துவிடுவோமோ என்று இன்னொருத்தி நடுங்கியதும் தெரிந்த பிறகு, இந்த முகத்தோடும் இந்த மொழியோடும் வாழ்வது எனக்கு முன்பைவிட எவ்வளவோ லேசாக இருக்கிறது.