தரைக்கு வராத கோல்கீப்பர்

தொலைக்காட்சியில் கோல்கீப்பர் பாயும்போதெல்லாம் இனோமதா தலையைத் திருப்பிக்கொள்வார். ராமென் கடையில் வாய் நிறைய நூடுல்ஸ் இருந்தாலும் சரி, சலூனில் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாலும் சரி. ஒருமுறை சவரக்கத்தி பட்டு ரத்தமே வந்தது. இவருக்குக் கால்பந்து ஆகாது போல என்று நெரிமா வட்டாரக் கடைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பாதி ஆயுளைக் கால்பந்து வரைந்தே கழித்தவர் அவர். வாரப் பத்திரிகை ஒன்றில் ஓஹோவென்று ஓடிய கால்பந்துப் படக்கதைக்குத் தலைமை உதவியாளர். முகங்களை மட்டும் கதையை உருவாக்கிய ஆசான், குஜிராய் சென்செய், வரைவார். புல், வலை, கூட்டம், பறக்கும் பந்தின் பின்னால் இழுபடும் கோடுகள் எல்லாம் இனோமதாவின் கை. அட்டையில் சென்செய்யின் பெயர் மட்டும் இருக்கும்.

சென்செய் பந்தைத் தொட்டதே இல்லை. அதனால்தான் செனோவை வேலைக்கு எடுத்தார்கள். கால்பந்துக்குப் பேர்போன ஷிமிஸு ஊர்க்காரன், பள்ளி அணியின் கோல்கீப்பராக இருந்தவன். கோடு இழுப்பதில் இனோமதாவைவிடச் சுத்தம். அந்தச் சுத்தம் இனோமதாவின் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்தக் கோடையில் பத்திரிகையின் ஆசிரியர் ஹதானோ வந்து, சிறப்பிதழில் ஒரு சிறுகதைக்கு இடம் இருக்கிறது, உதவியாளர்களில் ஒருவருக்குத் தரலாம் என்றார். "யாரோடதுன்னு நீங்களே பார்த்துக் குடுங்க, இனோமதா-சான்."

செனோவிடம் வரைந்து முடித்த கதை ஒன்று இருந்தது. அன்றே கொண்டுவந்து நீட்டினான். "அண்ணே, இதை ஹதானோ-சான்கிட்ட காட்டுறீங்களா?"

"காட்டுறேன்டா. முதல்ல இந்த வார வேலை முடியட்டும்."

அந்த வாரம் சென்செய்யின் தொடரில் கோல்கீப்பர் பாய வேண்டும். சென்செய் போட்ட மாதிரிப் படத்தை ஹதானோ பார்த்துச் சம்மதம் சொல்லியாயிற்று. பார்த்து வரைய அதற்கு ஏற்ற புகைப்படம் வேண்டும். செனோ பாய்ந்து காட்ட, இனோமதா கேமராவில் எடுக்க, எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் சிமெண்ட் தரைக்குப் போனார்கள். படத்தைப் பார்த்ததும் செனோ சிரித்துவிட்டான்.

"இப்படி எவனும் விழமாட்டான் அண்ணே. கை அடியில மாட்டி உடைஞ்சிடும். தோளை உருட்டித்தான் இறங்கணும்."

"படம் பாஸ் ஆயிடுச்சு. அது மாறாது. நீ மாறிக்க."

செனோ பாய்ந்தான். உடம்பு பழகியபடியே உருண்டது.

"ஷிமிஸுல மெத்தை விரிச்சுத்தான் ஆடுவீங்களோ?" என்றார் இனோமதா. மற்ற உதவியாளர்கள் சிரித்தார்கள்.

"நிஜமாவே ஒரு மெத்தை போடலாமே அண்ணே."

"நிழல் கெட்டுப்போகும்."

மாடி ஜன்னலிலிருந்து சென்செய் கத்தினார்: "வலது கை அடியில வரணும்! படத்துல எப்படி இருக்கோ அப்படி!"

செனோ தரையைப் பார்த்தான். பிறகு இனோமதாவைப் பார்த்தான். "விழறேன். கதையைக் காட்டுவீங்கல்ல?"

"நாளைக்கே."

இந்த முறை அவன் உருளவில்லை. காய்ந்த மூங்கில் முறிவதுபோல ஒரு சத்தம். இனோமதா பொத்தானை அழுத்தினார்.

"அசையாதே! அந்த முகம் வேணும்!" என்றார் சென்செய் மேலிருந்து.

கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருப்பது இனோமதாவுக்குத் தெரிந்தது. ஃபிலிமைச் சுற்றி இன்னொரு படம் எடுத்தார். அதன் பிறகுதான் டாக்சி பிடிக்கப் போனார். சென்செய் சொன்னார், எடுத்தேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது பதிலாகுமா என்று அவருக்கே தெரியவில்லை.

வாசகர் வாக்கெடுப்பில் அந்த வாரம் முதலிடம். அந்த முகத்தில் இருந்த வலி அத்தனை உண்மை என்று எல்லோரும் எழுதினார்கள். செனோவின் எலும்பு கூடியது. ஆனால் பேனாவைப் பிடித்தால் கை நடுங்கியது. ஊருக்குத் திரும்பி, சூரை மீன் உறையவைக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான்.

சிறப்பிதழில் இனோமதாவின் கதை வந்தது. வாசகர்கள் அதைக் கடைசி இடத்துக்குத் தள்ளினார்கள். பிறகு யாரும் அவரிடம் கதை கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு தொடர் கார்ட்டூன் படமாகத் தொலைக்காட்சிக்குப் போனது. அந்தப் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பாய்ச்சலை வரைந்தார்கள். ஒருமுறை வரைந்ததையே வாரா வாரம் ஓட்டினார்கள். எதிரணி மாறும், மழை பெய்யும், சட்டையின் நிறம் மாறும். விழுவது மட்டும் அதே விழுதல். பத்திரிகைக் கதையைத் தாண்டிவிடக் கூடாதென்று நேரத்தை இழுத்தார்கள். இந்த வாரம் உதைத்த பந்து அடுத்த வாரம்தான் வலைக்கு வரும். அதுவரை கோல்கீப்பர் அந்தரத்திலேயே கிடப்பான். பூங்காக்களில் பிள்ளைகள் கையை அடியில் கொடுத்து விழுந்து பழகினார்கள்.

ஒருநாள் செனோ தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, டிவியில என்னைப் பார்த்தேன்! எங்கம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. 'வாரா வாரம் உன்னை விழவைக்கிறானுங்களே, ஒருதடவை பிடிக்க விட்டா என்ன'ன்னு திட்டுறாங்க."

இனோமதா சிரிக்க முயன்றார்.

"ஆமா, என் கதை என்னாச்சு? ஹதானோ-சான் ஏதாவது சொன்னாரா?"

கதை இனோமதாவின் மேசை இழுப்பறையில், கொடுத்த உறையோடு கிடந்தது.

"இன்னும் படிக்கலையாம்டா."

"பரவாயில்லண்ணே. அவருக்கு ஆயிரம் வேலை. மெதுவா படிக்கட்டும், நான் காத்திருக்கேன்."

ஹதானோ பின்னாளில் ஓய்வு பெற்று எங்கோ போனார். போன வசந்தத்தில் இனோமதாவும் இறந்தார். செனோவின் கதையை இதுவரை யாரும் படிக்கவில்லை.